தூக்கும் கருவியைக் கண்டு நோயாளி ஏன் அஞ்சுகிறார்? வீட்டில் பராமரிப்போர் அறிய வேண்டியவை

பக்கவாதம், கால் அகற்றம், முதுகுத்தண்டுக் காயம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் தானாக எழ முடியாதவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற உதவும் தூக்கும் கருவி, முன்பு பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இருந்தது. இன்று ஜொகூரின் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் தாமான் வீடுகளிலும் அதைக் காண முடிகிறது. ஆனால் கருவி வீட்டுக்கு வந்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு எதிர்பாராத சிக்கல் தொடங்குகிறது. படுத்திருக்கும் அம்மாவோ தாத்தாவோ அதில் ஏற மறுக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். "என்னை இப்படியே விட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

இதைப் பிடிவாதம் என்று நினைத்து வற்புறுத்தும் குடும்பங்களும் உண்டு. பாவம் என்று கருவியை மூலையில் தள்ளிவிடும் குடும்பங்களும் உண்டு. இரண்டுமே நோயாளிக்கு நல்லதல்ல. வற்புறுத்தினால் அச்சம் மேலும் வேரூன்றும். கருவியை ஒதுக்கிவிட்டால் நோயாளி கட்டிலோடு கட்டிலாகிவிடுவார். படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், பராமரிப்பவரின் இடுப்பும் ஒடியும். இந்த அச்சத்துக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்தால், பெரும்பாலும் பொறுமையாலும் முறையான பழக்கத்தாலும் அதைத் தணிக்கலாம்.

நம் சமூகத்துக்கு இது ஏன் முக்கியம்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனங்களிலேயே இதுதான் மிக உயர்ந்த அளவு. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் முற்றினால் பக்கவாதமும் கால் இழப்பும் தொடர்ந்து வரக்கூடும். ஆகவே, ஒருவரைத் தூக்கி மாற்ற வேண்டிய நிலை நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. தோட்டத்து லயத்தில் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வருவார்கள். குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் வட்டாரத் தோட்டங்களை விட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு அந்தக் கைகள் குறைந்துவிட்டன. ஜொகூர் பாரு சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகள் விடியற்காலையிலேயே சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டு இரவுதான் திரும்புகிறார்கள். பகல் முழுவதும் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதான மனைவி, அல்லது ஒரு மருமகள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை அவர் தனியாகத் தூக்குவது எப்படி?

மனிதரைத் தூக்குவது மூட்டை தூக்குவது போன்றதல்ல

"தோட்டத்தில் உர மூட்டை தூக்கிய உடம்பு இது, அம்மாவைத் தூக்க மாட்டேனா" என்று சொல்பவர்கள் உண்டு. மூட்டை அசையாது, அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கலாம். மனிதர் திடீரென்று திமிறுவார், சரிவார், கழுத்தைப் பிடித்துத் தொங்குவார். கட்டிலின் மேல் குனிந்தபடி கையை நீட்டித் தூக்கும்போது சுமை முழுவதும் கீழ்முதுகில் இறங்குகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான நியோஷின் கணக்கீட்டு முறையை நோயாளிகளைத் தூக்கும் பணிக்குப் பொருத்திப் பார்த்து, ஒருவர் கையால் தூக்கக்கூடிய எல்லை சுமார் 16 கிலோ என்று 2007இல் வகுத்தார்கள். அதற்கு மேல் கருவியின் துணை வேண்டும் என்பது பரிந்துரை. வளர்ந்த ஒருவரின் இரண்டு கால்களே பெரும்பாலும் அந்த எடையைத் தாண்டிவிடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தாதியர் சங்கம், கையால் தூக்குவதைத் தவிர்க்கும் கொள்கையை 1998இல் அறிவித்தது. மலேசியாவிலும் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா, வேலையிடத்தில் கையால் சுமை தூக்குவது பற்றிய வழிகாட்டியை 2018இல் வெளியிட்டிருக்கிறது. வீட்டில் பராமரிக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அப்படி ஒரு வழிகாட்டியை யாரும் கொடுப்பதில்லை. அவர்களின் முதுகெலும்பும் தாதியின் முதுகெலும்பு போன்றதுதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

வீடுகளில் அதிகம் பயன்படுவது சக்கரம் வைத்த நடமாடும் வகை. கட்டிலுக்கு அடியில் நுழையும் இரண்டு கால்கள், ஒரு கம்பம், அதிலிருந்து நீளும் கை, கையின் நுனியில் கொக்கிகள் கொண்ட ஒரு தண்டு. நோயாளியின் உடலுக்கு அடியில் விரிக்கும் தாங்குதுணியின் வார்களை அந்தக் கொக்கிகளில் மாட்டுவார்கள். கையால் பம்ப் அடித்து உயர்த்தும் வகையும் உண்டு. பேட்டரியில் பொத்தானை அழுத்தி உயர்த்தும் வகையும் உண்டு. மருத்துவமனைகளில் கூரைத் தண்டவாளத்தில் ஓடும் வகையும், காலில் ஓரளவு பலம் உள்ளவரை நிற்க வைக்க உதவும் வகையும் இருக்கின்றன.

இவ்வகைக் கருவியை இன்றும் பலர் 'ஹோயர்' என்றே அழைக்கிறார்கள். அது டெட் ஹோயர் என்ற அமெரிக்கரின் பெயர். விபத்தில் கை கால் செயலிழந்த அவர், விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷ் நகரில் இக்கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தை நடத்தினார். தூக்கப்பட வேண்டிய நிலையில் இருந்த ஒருவரின் பெயரையே இந்தக் கருவி தாங்கி நிற்கிறது என்பதை அஞ்சும் நோயாளிக்குச் சொல்லலாம்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, உடல் சார்ந்த அச்சம். படுத்திருப்பவரின் பாதம் எதிலும் படாமல், முதுகு பின்னால் சாய்ந்தபடி, உடல் லேசாக ஆடிக்கொண்டே மேலே போகிறது. கீழே விழுகிறோம் என்று மூளை அபாய மணி அடிக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு உடலின் ஒரு பாதி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகலாம். அவருக்கு அந்த ஆட்டம் இரு மடங்காகத் தோன்றும். ஏற்கெனவே ஒரு முறை விழுந்தவருக்கோ சொல்லவே வேண்டியதில்லை.

இரண்டாவது, வலி. துணி தொடைக்குப் பின்னால் கிள்ளும். செயலிழந்த பக்கத்துத் தோள்பட்டை இழுபடும். சிறுநீர்க் குழாய் மாட்டிக்கொள்ளும். முதல் முறை வலித்தால், இரண்டாம் முறை கருவியின் சக்கரச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கூச்சம். வாழ்நாள் முழுவதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே நடந்த ஒரு தாய், கால்களுக்கிடையே வார் கோக்கப்பட்டு, கைலி விலகியபடி, மருமகனின் முன்னால் தொங்குவதை எப்படி ஏற்பார்? செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு, இரும்புக் கை பழக்குலைகளைக் கவ்வி லாரியில் போடும் காட்சி நினைவுக்கு வரலாம். தன்னையும் ஒரு குலையாக்கிவிட்டார்கள் என்று அவர் நினைத்தால் அது அவருடைய குற்றமல்ல.

நான்காவது, நம் மொழியிலேயே ஒளிந்திருக்கும் அச்சம். 'தூக்கு' என்ற சொல்லுக்கு நம்மிடையே இன்னொரு பொருள் உண்டு. "நாலு பேர் தூக்கிட்டுப் போற நாள்" என்றால் எந்த நாள் என்பது எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் கிடக்கும் முதியவரிடம் "உங்களைக் கட்டித் தூக்கப் போறோம்" என்று சொல்லும்போது அவர் காதில் விழுவது வேறு. "எழுப்பி உட்கார வைக்கிறோம்", "நாற்காலிக்குப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். சொல் மாறினால் முகமும் மாறுவதைக் காணலாம்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது: தன் உடல் தன் கையில் இல்லை என்ற உணர்வு. எப்போது தூக்குவார்கள், எவ்வளவு உயரம், எப்போது இறக்குவார்கள் என்று எதுவும் தெரியாமல் கிடப்பவருக்கு எந்தக் கருவியும் அச்சுறுத்தும். இந்த உணர்வை மாற்றுவதுதான் பராமரிப்பவரின் முதல் வேலை.

தொடங்குவதற்கு முன்

தாங்குதுணியின் அளவு உடலுக்குப் பொருந்த வேண்டும். பெரிதாக இருந்தால் நோயாளி வழுக்குவார். சிறிதாக இருந்தால் தொடையை அறுக்கும். கழுத்து நிற்காதவருக்குத் தலையையும் தாங்கும் துணி வேண்டும். கழிப்பறைக்கென்று நடுப்பகுதி திறந்த துணி ஒன்று உண்டு. உடலைத் தானே தாங்க முடியாதவருக்கு அது ஏற்றதல்ல. இடுப்பு, முதுகுத்தண்டு அறுவை நடந்தவர், எலும்பு முறிந்தவர், படுத்தாலும் குனிந்தாலும் மூச்சு வாங்குபவர் ஆகியோருக்கு எந்தத் துணி, எந்தச் சாய்வு என்பதை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் துணியின் தையலையும் வார்களையும் பாருங்கள். கிழிசல், நூல் பிரிதல், தேய்மானம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஊசி நூலால் தைத்துச் சமாளிக்கக் கூடாது. குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான் நூலைப் பலவீனமாக்கும் என்பதால், துவைக்கும் முறையைத் துணியில் உள்ள குறிப்பேட்டில் பார்த்துச் செய்யுங்கள். கருவி எவ்வளவு எடை தாங்கும் என்பது அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

வீட்டையும் பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் கருவியின் கால்கள் நுழைய இடம் இருக்கிறதா? அடி மூடிய பெட்டிக் கட்டிலில் நுழையாது. அறைக் கதவின் அகலம் போதுமா? வரவேற்பறைக்கும் அடுக்களைக்கும் நடுவே படி இருக்கிறதா? வாசல் படியிலும் தரைவிரிப்பின் ஓரத்திலும் சக்கரம் இடிக்கும் ஒவ்வொரு முறையும் மேலே இருப்பவரின் நெஞ்சு குலுங்கும். கருவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற மட்டும் பயன்படுத்துங்கள். அறை விட்டு அறை போவதற்குச் சக்கர நாற்காலி இருக்கிறது.

பராமரிப்பவர் ஒரு முறை தாமே அந்தத் துணியில் அமர்ந்து மேலே போய்ப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி. எங்கே கிள்ளுகிறது, எப்போது வயிறு புரட்டுகிறது, எந்த வேகம் தாங்கவில்லை என்பது அப்போதுதான் புரியும். நோயாளியின் கண் முன்னால் அதைச் செய்தால் பாதி அச்சம் அங்கேயே கரையும். பேத்தி சிரித்துக்கொண்டே ஏறி இறங்குவதைப் பார்த்த பாட்டிக்கு, "இது ஆளைக் கொல்லாது" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாளுக்கு ஒரு படி

முதல் நாளே கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கொண்டு போய்விட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். மருத்துவர் அவசரம் என்று சொல்லாத வரை, கீழ்க்காணும் வரிசையில் போகலாம்.

முதலில் கருவியை அறைக்குள் கொண்டு வந்து, நோயாளி பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். அவர் கையாலேயே துணியையும் கொக்கியையும் தொட்டுப் பார்க்கட்டும். வெறும் கருவியை ஏற்றி இறக்கிச் சத்தத்தைப் பழக்குங்கள்.

அடுத்து, உடை மாற்றத் திருப்பும்போது துணியை மட்டும் அடியில் விரித்து, சிறிது நேரம் படுக்க வைத்து, எடுத்துவிடுங்கள். அன்று வேறெதுவும் வேண்டாம்.

மூன்றாவது படியில் கொக்கியை மாட்டி, மெத்தையை விட்டு இரண்டு விரல் உயரம் மட்டும் எழுப்பி உடனே இறக்குங்கள். விழுந்தாலும் மெத்தையில்தான் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஒப்புக்கொண்டால் இன்னொரு முறை. இல்லையென்றால் நாளைக்கு.

நான்காவது படியில் நாற்காலிக்கு மாற்றுங்கள். அந்த நாற்காலியில் அவருக்குப் பிடித்த ஏதாவது காத்திருக்க வேண்டும். வாசலில் காலை வெயில், ஒரு குவளை தேத்தண்ணி, மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு, சாமி மேடைக்கு முன்னால் ஐந்து நிமிடம். கருவியில் ஏறினால் ஊசி போடும் இடத்துக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும்தான் போவோம் என்று அவர் மனம் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

சிலருக்கு இந்த நான்கு படிகளும் இரண்டு நாளில் முடியும். சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். ஒரு படியில் அச்சம் கூடினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அது தோல்வியல்ல.

தூக்கும்போது சொல்ல வேண்டியதும் செய்ய வேண்டியதும்

முடிந்தவரை இரண்டு பேர் இருங்கள். ஒருவர் கருவியை இயக்கட்டும். மற்றவர் நோயாளியின் முகம் தெரியும் இடத்தில் நின்று, தோளிலோ முழங்காலிலோ கை வைத்துக்கொள்ளட்டும். பேசுவது ஒருவர் மட்டுமே. இரண்டு பேரும் மாறி மாறிக் கட்டளை கொடுத்தால் நோயாளி குழம்பிப் போவார்.

செய்வதற்கு முன் சொல்லுங்கள்; செய்துகொண்டே சொல்லாதீர்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை.

"அம்மா, இப்ப துணியை முதுகுக்குக் கீழ வைக்கிறேன். என் பக்கம் திரும்புங்க."

"கொக்கி நாலும் மாட்டியாச்சு. நான் இழுத்துப் பார்த்துட்டேன்."

"இனி மெல்ல மேல வரும். கைய நெஞ்சு மேல வச்சுக்குங்க."

"இப்ப நாற்காலிக்கு மேல இருக்கோம். இறக்கட்டுமா?"

தொடங்கும் முன் ஒரு நிறுத்தக் குறியை முடிவு செய்துகொள்ளுங்கள். "போதும்" என்ற சொல்லாக இருக்கலாம். பேச முடியாதவருக்கு விரலை உயர்த்துவதாகவோ கண்ணை இறுக மூடுவதாகவோ இருக்கலாம். அவர் அந்தக் குறியைக் காட்டினால், நாற்காலி ஓர் அடி தூரத்தில் இருந்தாலும் உடனே நிறுத்துங்கள். "இதோ முடிஞ்சிருச்சு" என்று தொடர்ந்தால், அந்தக் குறியின் மீது அவருக்கு மறுபடி நம்பிக்கை வராது. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்று ஒரு முறை கண்டுவிட்டால், பிறகு நிறுத்தச் சொல்வதே குறையும்.

கருவியின் கால்களை நன்கு அகல விரித்த பிறகே எழுப்ப வேண்டும். கட்டிலையும் சக்கர நாற்காலியையும் பூட்ட வேண்டும். கருவியின் சக்கரங்களைப் பூட்டுவதா என்பதை அதனுடன் வந்த கையேட்டில் பாருங்கள். எழுப்பும்போது கருவி தானாகச் சமநிலைக்கு நகர வேண்டும் என்பதால் பெரும்பாலானவற்றில் அதைப் பூட்டுவதில்லை. இரு பக்க வார்களும் ஒரே வண்ண வளையத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் அச்சம் வராமல் என்ன செய்யும்? நோயாளியைத் தொங்கிய நிலையில் விட்டுவிட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது. பேட்டரி வகையாக இருந்தால் அவசர நிறுத்தப் பொத்தானும், மின்சாரம் இல்லாதபோது கையால் இறக்கும் அமைப்பும் எங்கே என்பதை வீட்டில் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நோயாளிக்கும் அதைக் காட்டுங்கள். "கரண்ட் போனா என்ன ஆகும்?" என்பது வெளியே கேட்காமல் பலர் மனத்தில் வைத்திருக்கும் கேள்வி.

மானத்தைக் காக்க எளிய வழிகள் உண்டு. கைலிக்கு உள்ளே அரைக்கால் சட்டை, பெண்களுக்கு நீண்ட நைட்டியுடன் தளர்வான பேண்ட், மடியின் மேல் ஒரு துண்டு. அறைக் கதவை மூடுங்கள். பேரப்பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். முடிந்தால் பெண்ணுக்குப் பெண் உதவட்டும். "பிள்ளைக்குத் தூளி கட்டுற மாதிரிதான்" என்று சொன்னால் சிலருக்கு மனம் இளகும். "என்னைக் குழந்தையாக்கிட்டீங்களா" என்று சிலர் வேதனைப்படுவர். ஆளறிந்து பேசுங்கள்.

எல்லாம் அச்சமல்ல

முகம் வெளிறி வியர்த்தால், "மயக்கமா வருது" என்றால், அது இரத்த அழுத்தம் இறங்கியதாக இருக்கலாம். பல நாள் படுத்திருந்தவரை உடனே நிமிர்த்தினால் இப்படி ஆகும். இறக்கிப் படுக்க வையுங்கள். இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரை குறைந்தாலும் இதே அறிகுறிகள் வரும், சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைப் பிடித்துக் கத்தினால் அது வலி. அந்த இடத்தில் புண்ணோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கினால் துணியின் சாய்வு பொருந்தவில்லை என்று பொருளாகலாம், நெஞ்சுக் கோளாறாகவும் இருக்கலாம். இவை தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேற்று வரை அமைதியாக ஏறியவர் இன்று திடீரென்று மறுத்தாலும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறதி நோய் உள்ளவரிடம் வாதாடிப் பயனில்லை. நேற்று பழக்கியது இன்று நினைவில் இருக்காது. ஆனால் பழகிய முகம், பழகிய குரல், ஒரே நேரம், ஒரே வரிசை ஆகியவை உடலுக்கு நினைவிருக்கும். அவர் அமைதியாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். சொற்களைக் குறையுங்கள். பிடித்த பாட்டை மெல்லப் பாடுங்கள். கையில் பிடித்துக்கொள்ள ஒரு துண்டு கொடுங்கள்; கம்பியைப் பிடிக்கும் கை அதைப் பிடித்துக்கொள்ளும். மிரண்டால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். அடக்குவதற்காக மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து.

மருத்துவமனையில் இருக்கும்போது

சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் போன்ற ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனைகளிலும், குளுவாங், மூவார், பத்து பகாட், சிகாமட் மருத்துவமனைகளிலும் தாதியர் பெரும்பாலும் மலாயில் பேசுவார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மலாய் தெரியும்தான். ஆனால் பதற்றத்தில் இருப்பவருக்குத் தாய்மொழிதான் முதலில் வாயில் வரும். ஒரு சிறிய அட்டையில் சில சொற்களை இரு மொழியிலும் எழுதிக் கட்டிலருகே மாட்டி வையுங்கள். மெதுவாக என்பதற்குப் பெர்லஹான். நிறுத்து என்பதற்குப் பெர்ஹெந்தி. வலிக்கிறது என்பதற்குச் சாக்கிட். மயக்கம் என்பதற்குப் பெனிங். பயமாக இருக்கிறது என்பதற்குத் தாக்குட். பேச முடியாதவர் விரலால் தொட்டுக் காட்டலாம். தாதியும் அதைப் பார்த்து "பயமா?" என்று தமிழில் ஒரு சொல் கேட்டால் அதன் பலன் பெரிது.

வீடு திரும்பும் நாளுக்கு முன்பே வார்டில் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு எந்த வகைக் கருவி பொருந்தும்? துணியின் அளவு என்ன? பராமரிக்கப் போகும் நானே உங்கள் முன்னால் ஒரு முறை செய்து காட்டலாமா? வீட்டில் நடப்பட வேண்டிய மாற்றங்களைச் சொல்ல ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்காக யாரும் கோபப்பட மாட்டார்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையைச் சுகாதார அமைச்சு குறிப்பிட்ட அரசு கிளினிக்குகள் வழியாக நடத்துகிறது. மருத்துவமனையிலிருந்து அதற்குப் பரிந்துரை கேட்கலாம். அந்தக் குழு பராமரிப்பவருக்கும் பயிற்சி கொடுக்கும்.

சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து ஓகேயு அட்டை பெற்றால், தகுதியைப் பொறுத்துத் துணைக் கருவி வாங்க உதவி கேட்கலாம். படுக்கையிலேயே கிடக்கும் மாற்றுத்திறனாளியையும் நாட்பட்ட நோயாளியையும் பராமரிப்பவருக்கு மாதாந்திர உதவித் திட்டமும் உண்டு. முகப்பில் 'தெர்லந்தார்' நோயாளிக்கான உதவி என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

சொக்சோ என்று நாம் அழைக்கும் பெர்கேசோவில் சந்தா செலுத்திய தொழிலாளி வேலை விபத்தாலோ நோயாலோ முற்றாகச் செயலிழந்து, இன்னொருவரின் இடைவிடாத துணை தேவை என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால், மாதம் 500 வெள்ளி பராமரிப்புப் படி கிடைக்கும். மலாக்காவில் 2014இல் திறக்கப்பட்ட பெர்கேசோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம், மூவார், தங்காக், சிகாமட் பகுதியினருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தோட்டத்தில் பல ஆண்டு சந்தா கட்டியவர்களின் குடும்பங்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடக் கூடாது.

கருவியை உடனே வாங்க வேண்டும் என்பதில்லை. மருத்துவச் சாதனக் கடைகள் சில வாடகைக்கும் கொடுக்கின்றன. ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அப்படியும் மறுத்தால்?

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸ் பகுதியில் கடுமையான உடற்குறை கொண்ட இரு சகோதரிகளின் பெற்றோர், தங்கள் மகள்களைக் கையால்தான் தூக்க வேண்டும் என்றார்கள். ஊழியர்களின் முதுகைக் காக்கக் கையால் தூக்கக் கூடாது என்றது உள்ளாட்சி மன்றம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்று 2003இல் தீர்ப்பானது. ஒருபோதும் கையால் தூக்கக் கூடாது என்ற முழுத் தடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே வேளையில், கையால் தூக்கினால்தான் மானம், கருவி என்றாலே அவமானம் என்ற எண்ணத்தையும் ஏற்கவில்லை. தூக்கப்படுபவரின் விருப்பம், அச்சம், மானம் ஒரு தட்டிலும், தூக்குபவரின் உடல்நலம் மறு தட்டிலும் வைத்து, ஆளுக்கு ஆள் எடை போட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் வீட்டுக்கும் அது பொருந்தும். வழுக்குத் துணி, மாற்றுப் பலகை, நிற்க உதவும் கருவி என்று வேறு வழிகள் இருக்கின்றன. எது ஏற்றது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். தெளிவான மனத்தோடு ஒருவர் "இன்று வேண்டாம்" என்றால், அதற்கு மதிப்புக் கொடுத்து, ஏன் என்று கேட்டு, கட்டிலிலேயே பக்கம் மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் கேட்க வேண்டும். பராமரிப்பவரும் தன் வலியை மறைக்கக் கூடாது. "என்னால இனி தூக்க முடியலப்பா, முதுகு வலிக்குது. நீங்க இதுல வந்தா எனக்கும் பாரம் குறையும்" என்று உண்மையைச் சொன்னால், மெஷினுக்காக ஒப்பாத பலர் பிள்ளையின் முதுகுக்காக ஒப்புக்கொள்வார்கள். படுத்திருந்தாலும் அவர் இன்னும் அப்பாதான், அம்மாதான். ஒரு முடிவை அவர் கையில் கொடுத்துக் கேட்கும்போது அவர் அதை உணர்கிறார்.